கோயில் மாதிரி வங்கி, அரண்மனை மாதிரி வங்கி: விக்டோரியா கால முகப்புகள் யாரைப் பார்த்துப் பேசின?

#1 வடக்குவீதி

வணக்கம் நண்பர்களே. பிரிஸ்டல் கார்ன் தெருவின் பழைய வங்கி, எடின்பரோ ஜார்ஜ் தெருவின் கமர்ஷியல் பேங்க், லண்டன் பிஷப்ஸ்கேட்டின் நேஷனல் பிராவின்ஷியல் வங்கி. மூன்றின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணத்தை வாங்கி வைத்துக் கேட்டபோது திருப்பித் தருகிற ஓர் இடத்துக்கு இத்தனை தூண், இத்தனை சிலை எதற்கு? ஏழைகளை வாசலோடு நிறுத்தவா, பணக்காரர்களை உள்ளே இழுக்கவா? வர்க்கம் என்ற கோணத்தில் இந்த முகப்புகளை எப்படிப் படிப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்கன்

பணக்காரர்களை இழுக்க என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது நடந்ததற்கு நேர்மாறு. பரம்பரைப் பணக்காரர்களின் வங்கிகள் அடக்கமாகத்தான் இருந்தன. ஃப்ளீட் தெருவில் ஹோர் குடும்பத்தின் வங்கி இருக்கிறது. 1829இல் கட்டிய கட்டடம். நல்ல கல், அளவான முகம், அவ்வளவுதான். தெரியாதவர்கள் வங்கி என்று கவனிக்காமலே கடந்து போய்விடலாம். பிரபுக்களும் நிலச்சுவான்தார்களும் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்தார்கள். வங்கியின் கூட்டாளியை அவர்களுக்கு நேரில் தெரியும், அவருடைய அப்பாவையும் தெரியும். தெரிந்தவருக்குத் தூண் எதற்கு?

ஆடம்பரம் வந்தது கூட்டுப்பங்கு வங்கிகளோடு. இங்கிலாந்தில் அதுவரை ஒரு வங்கியில் ஆறு கூட்டாளிகளுக்கு மேல் சேரக் கூடாது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து மட்டும்தான் விதிவிலக்கு. 1825 நெருக்கடியில் சின்னச் சின்ன நாட்டுப்புற வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்ததும் 1826இல் சட்டத்தை மாற்றினார்கள். லண்டனிலிருந்து 65 மைலுக்கு அப்பால் எத்தனை பங்குதாரர்களை வேண்டுமானாலும் சேர்க்கலாம். 1833இல் லண்டனுக்குள்ளும் அனுமதி கிடைத்தது, நோட்டு மட்டும் அடிக்கக் கூடாது. 1834இல் லண்டன் அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி திறந்தது. பழைய தனியார் வங்கிக்காரர்கள் இவர்களைத் தங்கள் காசோலைத் தீர்வகத்தில் (வங்கிகள் ஒன்றின் காசோலையை இன்னொன்றோடு கணக்குத் தீர்க்கும் இடம்) சேர்க்கவே இல்லை. 1854இல்தான் இடம் கிடைத்தது. இருபது வருடம் வாசலுக்கு வெளியே!

புது வங்கியின் நிலையை யோசித்துப் பாருங்கள். பங்குதாரர்கள் நூற்றுக்கணக்கில், ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. மேனேஜர் சம்பளக்காரர். பணம் போட வருபவர் துணிக்கடைக்காரர், வக்கீல், மில் முதலாளி, ஒரு விதவை. இரண்டு பக்கமும் ஊர் பேர் தெரியாதவர்கள். பழைய வங்கியில் ஆள் ஜாமீன், புது வங்கியில் கல் ஜாமீன். இந்த இழைக்கு என் பதில் இதுதான். முகப்பு பேசியது மேல்தட்டோடும் அல்ல, அடித்தட்டோடும் அல்ல. கையில் காசு சேர்ந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற நடுத்தர வர்க்கத்தோடு.

பிஷப்ஸ்கேட் கட்டடமே சாட்சி. நேஷனல் பிராவின்ஷியல் 1833இல் தொடங்கியது. வெளியூர்களில் நோட்டு வெளியிட்டு வந்ததால் லண்டனில் வங்கி வேலை செய்ய முடியாது. நோட்டு உரிமையைக் கைவிட்டுவிட்டு 1866 ஜனவரியில் லண்டனில் கடை திறந்தது. அதற்காக ஜான் கிப்சன் கட்டிய கூடம்தான் நீங்கள் படத்தில் பார்ப்பது. வெளியூர்க்காரர் தலைநகரத்தில் முதல் நாள் போட்டுக்கொண்ட உடுப்பு அது.

#3 கல்தச்சன்

கணக்கன் ஐயா சொன்னதை அப்படியே கல்லில் காட்டலாம். கிப்சனின் கூடம் வெளியிலிருந்து ஒரே மாடி, ஆனால் அந்த ஒரு மாடி முழு உயரத்துக்கும் கொரிந்தியத் தூண்கள், அதாவது தலையில் இலைக்கொத்து செதுக்கியவை. தூண்களுக்கு நடுவே ஜான் ஹான்காக் செதுக்கிய புடைப்புச் சிற்பங்கள்: விவசாயம், கப்பல் கட்டுதல், சுரங்கம், உற்பத்தி. பக்கத்தில் போய்ப் பார்த்தால் பணம் என்ற பொருளே எங்கும் கிடையாது. பணம் எந்தெந்த வேலையிலிருந்து வருகிறதோ அந்த வேலைகள்தான் இருக்கின்றன, அதுவும் புராணப் பாத்திரங்கள் போல உடுத்திக்கொண்டு. வட்டிக்கு விடுகிறவன் என்ற பெயரைத் துடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. கூரை மேல் நிற்கும் சிலைகளில் மான்செஸ்டரும் பர்மிங்காமும் நியூகாசிலும் உண்டு, கிளைகள் பரவிய திசையெல்லாம்.

முகப்பைப் படிக்க முதலில் அது கோயில் வகையா அரண்மனை வகையா என்று பிரியுங்கள்.

கோயில் வகை என்றால் முன்னால் தூண் வரிசை, மேலே முக்கோண முகடு. ரோம, கிரேக்கக் கோயில்களிலிருந்து எடுத்தது. எடின்பரோ கமர்ஷியல் பேங்க் (டேவிட் ரைண்ட், 1847) சுத்தமான உதாரணம்: ஆறு கொரிந்தியத் தூண், முக்கோணத்துக்குள் நடுநாயகமாகக் காலெடோனியா, அதாவது ஸ்காட்லாந்துத் தாய். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் சி. ஆர். காக்கரெல் 1840களில் மான்செஸ்டர், பிரிஸ்டல், லிவர்பூல் கிளைகளைக் கட்டினார். மூன்றிலும் கனத்த டோரிக் தூண்கள், தலையில் அலங்காரமில்லாத எளிய வகை. லிவர்பூல் காசில் தெருக் கிளையின் அகலம் வெறும் மூன்று கண்தான் (தூணுக்குத் தூண் இடைவெளி ஒரு கண்), ஆனால் எதிரில் நின்றால் அண்டைக் கட்டடங்களெல்லாம் காகிதம் மாதிரித் தெரியும். காரணம் அளவுவிகிதம். தூணைப் பருமனாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, கொடுங்கையை (சுவர் உச்சியில் வெளியே நீளும் விளிம்பு) நன்றாக வெளியே இழுத்திருக்கிறார். சின்ன மனையில் பெரிய கட்டடம் காட்டும் வித்தை.

அரண்மனை வகை இத்தாலிய வணிகர்களின் மாளிகை. கீழ்த்தளத்தில் சொரசொரப்பான பெரிய கல், முதல் மாடியில் உயரமான சன்னல், உச்சியில் ஓட்டமாக ஒரே கொடுங்கை. லண்டன் பால் மால் தெருவில் சார்லஸ் பாரி கட்டிய ரிஃபார்ம் கிளப் (1837–41) ரோமின் ஃபார்னேசே மாளிகையைப் பார்த்துச் செய்தது. கனவான்களின் கிளப்புக்குப் பொருந்திய உடுப்பை வங்கிகள் அப்படியே வாங்கிக்கொண்டன. மான்செஸ்டர் மோஸ்லி தெருவில் எட்வர்ட் வால்டர்ஸ் 1862இல் முடித்த மான்செஸ்டர் அண்ட் சால்ஃபோர்டு வங்கி இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது. ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சிகளும் வங்கிக்காரர்கள்தானே என்று பஞ்சு வியாபாரிக்கு ஒரு பரம்பரை கிடைத்துவிடும்.

எடின்பரோ செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தின் பிரிட்டிஷ் லினன் வங்கியையும் பாருங்கள் (டேவிட் பிரைஸ், 1851–52). ஆறு தூண்கள் சுவரிலிருந்து விலகி நிற்கின்றன. அவை தாங்குவது கூரையை அல்ல, ஆளுக்கொரு சிலையை.

#4 செங்கொடி மாடம்

இரண்டு பேரும் அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் பயத்தை விட்டுவிட்டீர்கள். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் வெளிச் சுவரில் சன்னல் கிடையாது. கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் சுற்றிலும் எழுப்பிய அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது, உள்ளே இருந்ததைத்தான் 1920, 30களில் ஹெர்பர்ட் பேக்கர் பெரும்பாலும் இடித்துக் கட்டினார். 1780இல் லண்டனில் நடந்த கார்டன் கலவரத்தில் கூட்டம் வங்கியைத் தாக்க வந்தது. அன்று தொடங்கிய ராணுவ இரவுக் காவல் 1973 வரை நீடித்தது. 1848 ஏப்ரல் 10, சார்ட்டிஸ்டுகள் வாக்குரிமை கேட்டுத் திரண்ட நாளில் வங்கியின் கூரையில் மணல்மூட்டை அடுக்கினார்கள். காக்கரெல் கிளைகள் கட்டிய அதே 1840கள்! தொழிலாளியைப் பார்த்து அந்தத் தூண்கள் எதுவும் சொல்லவில்லை என்று எப்படி ஏற்பது?

#5 கணக்கன்

தோழர், சோன் சுவர் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் அது அரசாங்கத்தின் வங்கி, தங்கம் அங்கே குவிந்திருந்தது. சாதாரண ஊர்க் கிளையைப் பாருங்கள், தெருப்பக்கம் பெரிய பெரிய சன்னல். பயம் இருந்தால் சன்னல் வைப்பார்களா?

தொழிலாளியைத் தடுக்கக் கல்லே தேவைப்படவில்லை, கணக்கே தடுத்தது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து அந்தக் காலத்தில் வெளியிட்ட மிகச் சிறிய நோட்டு 5 பவுண்டு. அதாவது 100 ஷில்லிங். பண்ணைக் கூலியாளுக்கு நூற்றாண்டின் நடுவில் வாரம் ஏறக்குறைய 10 ஷில்லிங். அந்த ஒற்றை நோட்டு அவருக்கு ஏறக்குறைய பத்து வாரக் கூலி. வங்கி நேரமும் பாருங்கள். மாலை 3, 4 மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். ஆலைச் சங்கு ஊதுவது அதற்கும் எத்தனையோ நேரம் கழித்து. தூண் இல்லாத வங்கியாக இருந்தாலும் அவர் வந்திருக்க முடியாது.

#6 படிக்கட்டு

உள்ளே போகலாமா? வர்க்கம் முகப்பைவிடத் தரைப்படத்தில் துல்லியமாகத் தெரியும்.

ஒரு நடுத்தர ஊர்க் கிளையின் அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும். தெருவிலிருந்து இரட்டைக் கதவு, நடுவே சின்ன நடை. அதைத் தாண்டினால் உயரமான கூடம், வெளிச்சம் கூரைக் கண்ணாடியிலிருந்து. பக்கத்து மனைகள் ஒட்டி நிற்பதால் பக்கச் சன்னல் வைக்க வழியில்லை, அதோடு குமாஸ்தாவின் பேரேட்டில் நிழல் விழாத வெளிச்சம் மேலிருந்துதான் வரும். கூடத்தைக் குறுக்கே அறுத்தது போல மஹோகனி கவுண்ட்டர். முன்னால் நிற்பது வாடிக்கையாளர், பின்னால் உயர மேசைகளில் குமாஸ்தாக்கள். ஓரத்தில் மேனேஜர் அறை. கடன் கேட்பவர் கூட்டத்தின் கண்ணில் படாமல் அங்கே போக வேண்டும், மேனேஜர் கூடத்தை முழுவதும் பார்க்க வேண்டும். கதவு வைக்கும் இடத்தை இந்த இரண்டும் சேர்ந்து முடிவு செய்யும். பெட்டக அறை நிலவறையில், செங்கல் வளைவுக் கூரையோடு.

பூட்டு பற்றி ஒரு வார்த்தை. 1851 பெரும் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பிராமா பூட்டையும் சப் பூட்டையும் திறந்து காட்டிவிட்டார். உடைக்க முடியாதது என்று நாடே நம்பியிருந்த பூட்டுகள். கல்லின் கனம் அந்த வருடம் வங்கிகளுக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டிருக்கும்.

மாடியில் மேனேஜரின் குடும்பம். இதற்கு எப்போதும் தனிக் கதவு, பெரும்பாலும் பக்கத் தெருவில். ஊர் டாக்டர், பாதிரியார் வரிசையில் மேனேஜரும் ஒரு பெரிய மனிதர் என்பதால் வீடும் அந்தத் தரத்தில் இருந்தாக வேண்டும், வேலைக்காரர் படி உட்பட.

குமாஸ்தாவின் நிலைதான் பரிதாபம். இயக்குநர் யாராவது பரிந்துரைத்தால்தான் வேலை, மேல் ஜாமீன் பத்திரமும் வேண்டும். கருப்புக் கோட்டு, வெள்ளைக் காலர், கனவான் கையெழுத்து. ஆனால் சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தொடும் வரை கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதி பல வங்கிகளில் இருந்தது. காசு பற்றாமல் கல்லாவில் கை வைத்துவிடுவான் என்ற பயம். செங்கொடி மாடம் தேடும் பயம் இங்கேதான் இருக்கிறது தோழர், தெருவைப் பார்த்து அல்ல, கவுண்ட்டருக்குப் பின்னால். பெண்களைப் பாங்க் ஆஃப் இங்கிலாந்து குமாஸ்தாவாக எடுத்ததே 1894இல்தான்.

#7 சிறுவாடு

தொழிலாளிக்கு வங்கியே இல்லை என்பது போல இழை போகிறது. தவறு. அவர்களுக்கு வேறு வங்கி இருந்தது.

1810இல் ஸ்காட்லாந்தின் ருத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் தொடங்கியது முதல் சேமிப்பு வங்கிகளில் ஒன்று. அதற்குப் பின் ஊர்ப் பெரியவர்கள் சம்பளமில்லாமல் நடத்திய அறங்காவலர் சேமிப்பு வங்கிகள் நாடெங்கும் வந்தன. 1861இல் தபால் அலுவலகச் சேமிப்பு வங்கி: ஒரு ஷில்லிங் இருந்தால் கணக்கு, வட்டி இரண்டரை சதவீதம், வருடத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் போட முடியாது. உச்சவரம்பு எதற்கு? பணக்காரர் உள்ளே வந்துவிடாமல் இருக்க. இங்கே தடுக்கப்பட்டவர் மேல்தட்டு.

ஒரு ஷில்லிங்கும் சேராதவர்களுக்குப் பென்னி வங்கிகள். 1859இல் எட்வர்ட் அக்ராய்டு என்ற ஆலை முதலாளி தொடங்கிய யார்க்‌ஷயர் பென்னி வங்கி 1890களில் லீட்ஸில் கோபுரம் வைத்துத் தலைமையகம் கட்டிக்கொண்டது. கிளாஸ்கோ சேமிப்பு வங்கிக்கு ஜான் ஜேம்ஸ் பர்னெட் கட்டிய கூடத்தின் வாசல் மேல் ஊரின் காவல் தெய்வமான செயின்ட் மங்கோவின் சிலை, செதுக்கியவர் ஜார்ஜ் ஃப்ராம்ப்டன். பெரிய பெரிய வங்கிகளுக்குச் சிலை செய்த தரத்துக் கைகள் கைத்தொழிலாளியின் சில்லறை வங்கிக்கும் வேலை செய்தன. காசு குறைவானவர் நுழையும் வாசல் தாழ்ந்திருக்கக் கூடாது என்று ஒரு நகரம் முடிவெடுத்திருக்கிறது. அந்த வாசலை நான் எந்தக் கொரிந்தியத் தூணுக்கும் மேலே வைப்பேன்.

#8 கணக்கன்

சிறுவாடு, நல்ல திருத்தம். ஏற்கிறேன்.

வடக்குவீதி கேட்ட பிரிஸ்டல் கட்டடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கல் ஜாமீன் கைவிட்ட கதை அது. வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து அண்ட் சவுத் வேல்ஸ் டிஸ்ட்ரிக்ட் வங்கி 1850களில் கட்டியது. கிங்கெல், லைசாட் என்ற இருவரின் வேலை. மாதிரி, வெனிஸில் சான்சோவினோ கட்டிய செயின்ட் மார்க் நூலகம். ஜான் தாமஸின் சிற்பங்கள் ஓர் அங்குலம் விடாமல் மூடியிருக்கின்றன. 1878 டிசம்பரில் வங்கி மூழ்கியது. கட்டடத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை, பிற்பாடு லாயிட்ஸ் வங்கி அதில் குடியேறியது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 2 அன்று, சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி. இயக்குநர்கள் வருடக்கணக்காகப் பொய்க் கணக்கு எழுதி வந்தார்கள். பங்குதாரர்களின் பொறுப்பு வரம்பற்றது, அதாவது வங்கியின் கடனுக்குப் பங்குதாரரின் வீடு, நகை எல்லாம் ஈடு. முதல் சுற்றில் 100 பவுண்டுப் பங்குக்கு 500 பவுண்டு கட்டச் சொன்னார்கள், அடுத்த சுற்றில் 2,250. மொத்தம் 1,819 பங்குதாரர்களில் கடனில் மூழ்காமல் தப்பியவர் 254 பேர். இதில் விதவைகள், திருமணமாகாத பெண்கள், சின்னக் கடைக்காரர்கள் ஏராளம். அடுத்தவருக்காக அறங்காவலராகப் பங்கைத் தன் பெயரில் வைத்திருந்தவர்கூடச் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். 1879 சட்டத்துக்குப் பிறகு பெரிய வங்கிகள் வரிசையாக வரம்புள்ள பொறுப்புக்கு மாறின.

இந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொட்டிய வர்க்கம்தான் தூண்களைப் பார்த்து நம்பிய வர்க்கம். கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

#9 செங்கொடி மாடம்

கணக்கன், இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. என் கேள்வி வேறு. ஆடம்பரத்தைப் பாவமாக நினைத்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் வங்கி நடத்தினார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்?

#10 கல்தச்சன்

கட்டினார்கள். டார்லிங்டனில் பேக்ஹவுஸ் குடும்பம் 1860களில் ஆல்ஃப்ரெட் வாட்டர்ஹவுஸை வைத்துக் கட்டிய வங்கி கோதிக் பாணி, அதாவது இடைக்காலத் தேவாலயங்களின் கூர்வளைவுப் பாணி. ரோமக் கோயிலும் இல்லை, இத்தாலிய மாளிகையும் இல்லை. பகட்டுச் சிலை வரிசை கிடையாது, ஆனால் கல் வேலை முதல் தரம். விலை இருக்கும், வீம்பு இருக்காது. 1896இல் பார்க்ளேஸ் உருவானபோது இணைந்த முக்கியக் குடும்ப வங்கிகளில் இதுவும் ஒன்று.

#11 கொப்பனாபட்டியான்

ஆள் ஜாமீன், கல் ஜாமீன் என்று கணக்கன் பிரித்ததும் நமக்கு நினைவு வருவது கிட்டங்கி, கடல் கடந்து போன நகரத்தார் பலர் சேர்ந்து வட்டித்தொழில் நடத்திய கூடம். அதே காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் ரங்கூனிலும் நகரத்தார் கொண்டுவிற்ற (வட்டித்தொழில் நடத்திய) இடத்தில் தூண் உண்டா, சிலை உண்டா? நீளக் கூடம், தரையில் பாய், ஆளுக்கொரு தாழ்ந்த மேசை, பக்கத்தில் மரப்பெட்டி. அந்தப் பெட்டியடிதான் ஒரு வட்டிக்கடை முழுவதும். கோயில் வழியாகவும் பெண் கொண்டுகொடுத்த வழியாகவும் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், முகப்புக்கு வேலையே இல்லை. முகப்பெல்லாம் செட்டிநாட்டு வீட்டுக்குப் போயிற்று.

சென்னையிலோ மெட்ராஸ் வங்கி (1843) நேர் எதிர்ப்பக்கம். கடற்கரையோரம், இன்றைய ராஜாஜி சாலையில், 1890களில் எழுந்த அதன் தலைமையகம் இந்தோ சாரசெனிக், அதாவது இந்திய, இஸ்லாமிய வடிவங்களை ஆங்கிலேயர் கலந்து கட்டிய பாணி. ஹென்றி இர்வின் பெயரும், கட்டிய நம்பெருமாள் செட்டியார் பெயரும் அதோடு சேர்ந்தே வரும். இப்போது பாரத ஸ்டேட் வங்கி. லண்டனில் ரோமானியனாக உடுத்தவன் சென்னையில் முகலாயனாக உடுத்தினான். ஆள்பவனின் உடுப்பு என்பதில் மாற்றமில்லை.

#12 வடக்குவீதி

அருமை. ஒரு நடைமுறைக் கேள்வி. இந்தக் கட்டடங்களில் பல இப்போது மதுக்கூடம், உணவகம். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஃப்ளீட் தெருக் கிளை (1888) அப்படித்தான் ஆகிவிட்டது, எடின்பரோ ஜார்ஜ் தெரு வங்கியும். யாரும் உள்ளே போகலாம். போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? தூண்கள் நிஜமாகவே ஒற்றைக் கல்லா?

#13 கல்தச்சன்

உள்ளே போகும் முன் பின்சந்துக்குப் போங்கள். முகம் செதுக்கிய கல், முதுகு சாதாரணச் செங்கல். வெளிச்சக் குழியில் வெள்ளைப் பளபளப்புச் செங்கல் பதித்திருப்பார்கள், ஒளி திருப்பி அடிப்பதற்காக. மூலையில் திரும்பும் இடத்தில் கல் எவ்வளவு தூரம் சந்துக்குள் தொடர்கிறது என்று பாருங்கள். தெருவில் நடப்பவர் கண் எட்டும் வரைதான் பெரும்பாலும் போயிருக்கும். அந்தக் கல்லும் சுவர் முழுக்க இல்லை, சில அங்குலக் கனத்தில் செங்கல் மேல் கட்டிய தோல்.

கோளாறு வருவதும் அங்கிருந்துதான். கல்லையும் கல்லையும் பிணைக்க உள்ளே இரும்புப் பட்டைகள். தண்ணீர் இறங்கித் துரு ஏறினால் இரும்பு பல மடங்கு ஊதி, கல்லின் மூலையை வெடிக்க வைக்கும். கொடுங்கைக்கு அடியில் துருக்கறையோடு சின்ன வெடிப்பு தெரிந்தால் காரணம் அதுதான். சுண்ணாம்புச் சாந்து இருந்த இணைப்புகளில் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் மோசம். சிமென்ட் கல்லைவிடக் கெட்டி, ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே வரும், கல்லின் முகம் பொருக்காக உதிரும். மருந்து, சிமென்ட்டைக் கையுளியால் எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு போடுவது. மின்சாரக் கத்தியால் அறுத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். போர்ட்லாண்ட் கல்லில் மழை அடிக்கும் இடம் வெளுத்தும் ஒதுங்கிய இடம் கறுத்தும் இருக்கும். கறுப்பு, நிலக்கரிப் புகை ஏறிய மேலோடு. அமிலம் வைத்துக் கழுவக் கூடாது, போர்ட்லாண்ட் கல்லே சுண்ணாம்புதான், கரைந்துவிடும்.

இப்போது தூண். வெளியில் குறுக்குக் கோடு தேடுங்கள். பெரிய தூண்கள் வட்டுவட்டாக அடுக்கியவை, மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். கோடே இல்லாமல் பளபளவென்று இருந்தால் அது அநேகமாக மெருகேற்றிய கிரானைட், அபர்டீன் பக்கத்துச் சரக்கு. அங்கே 1830களிலேயே நீராவியால் மெருகு போடத் தொடங்கிவிட்டார்கள்.

கூடத்துக்குள் நிற்கும் சலவைக்கல் தூணில் கை வையுங்கள். நிஜச் சலவைக்கல் சில்லென்று உறைக்கும். அந்தக் குளிர் இல்லாவிட்டால் ஸ்காக்லியோலா: ஜிப்சம் தூள், வஜ்ரப் பசை, வண்ணம் கலந்து பிசைந்து, வேறு வண்ணப் பிசையலை நடுவே ஓடவிட்டு, காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி எண்ணெய் பூசியது. விரல் முட்டியால் தட்டினால் பெரும்பாலும் உள்ளே வெற்றான சத்தம் வரும், பாரத்தைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் வேறொன்று. கீழ்ப்பகுதியை உற்றுப் பாருங்கள், ஈரத் துடைப்பம் பட்டுப்பட்டு மெருகு போய் வெளுத்திருக்கும்.